ஒராண்டாவுக்கு ஒரு கண் மட்டும் வீங்கி வெளியே தள்ளுகிறது, என்ன செய்யலாம்?

வடசேரி ஒராண்டா:
வணக்கம். நாகர்கோவில் வடசேரியில் இருக்கிறேன். மீன்தொட்டி இரண்டரை அடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். இரண்டு ஒராண்டாவும் ஒரு காமெட்டும் வளர்க்கிறேன், எல்லாம் கோல்ட்ஃபிஷ் வகைதான். பெரிய ஒராண்டாவுக்கு இடது கண் வீங்கி வெளியே தள்ளி நிற்கிறது. கண்ணைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தெரிகிறது, கண்ணின் மேல் லேசாகப் புகை படிந்த மாதிரி இருக்கிறது. வலது கண் எப்போதும் போலத்தான். தீவனம் எடுக்கிறது, ஆனால் இடது பக்கம் விழுவதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறது. செதில் தூக்கவில்லை, வயிறும் ஊதவில்லை.

தண்ணீர் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர். எங்கள் தெருவுக்குத் தினமும் வராது. வரும் நாளில் மாடியிலுள்ள சிமெண்ட் தொட்டியில் பிடித்து வைத்து, குளோரினைப் போக்க ஹைப்போ போட்டுத்தான் மீனுக்கு மாற்றுகிறேன். கடையில் கேட்டபோது எல்லா நோய்க்கும் ஆகும் என்று ஒரு நீல மருந்தைக் கொடுத்தார்கள். இன்னும் ஊற்றவில்லை. இந்த மீன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கட்டைவிரல் அளவு இருந்தது, இப்போது உள்ளங்கை அளவு. எப்படியாவது காப்பாற்ற வேண்டும். என்ன மருந்து கொடுக்கலாம்?

மார்த்தாண்டம் ஃபைட்டர்:
மருந்துக்கடையில் டெட்ராசைக்ளின் கேப்சூல் வாங்கி, உடைத்துத் தண்ணீரில் போடுங்கள் அண்ணே. என் ஃபைட்டர் மீனுக்கு இதே மாதிரி வந்தபோது இதுதான் கேட்டது. தாமதித்தால் கண் போய்விடும்.

தக்கலை தொட்டி:
தம்பி, கேப்சூலையும் நீல மருந்தையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கண் வீக்கம் ஒரு நோயின் பெயர் அல்ல. கண்ணுக்குப் பின்னாலோ கண்ணுக்குள்ளேயோ நீர் கோத்திருக்கிறது, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். ஏன் கோத்தது என்று தெரியாமல் மருந்து ஊற்றினால் முதலில் செத்துப்போவது ஃபில்டரில் இருந்து மீன் கழிவைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியாதான். நீங்கள் சொல்லும் நீல மருந்து மெத்திலீன் புளூவாக இருக்கும். பூஞ்சை பிடித்த முட்டைக்கு நல்லது, கண் வீக்கத்துக்கு அது ஒன்றும் செய்யாது.

முதலில் பார்க்க வேண்டியது, வீக்கம் ஒரு கண்ணிலா, இரண்டிலுமா என்பது. ஒரு கண் மட்டும் என்றால் பெரும்பாலும் அடிபட்டிருக்கும். வலையில் பிடித்தபோது உரசியது, கல்லில் மோதியது, இன்னொரு மீன் கொத்தியது, இப்படி ஏதாவது. இரண்டு கண்ணும் சேர்ந்து வீங்கினால் கோளாறு உடம்புக்குள் இருக்கிறது, அல்லது தண்ணீரில் இருக்கிறது. அப்போது சிறுநீரகம், பாக்டீரியா, அம்மோனியா என்று தேட வேண்டும். இந்தக் கணக்கு எப்போதும் சரியாக வரும் என்று சொல்லமாட்டேன். ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்கும் போன மீன்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

அடிபட்ட கண் ஏன் இவ்வளவு வீங்குகிறது என்பதையும் சொல்கிறேன். நன்னீர் மீனின் உடம்புக்குள் லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம் உப்பு இருக்கிறது, வெளியே தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அதனால் தண்ணீர் எந்நேரமும் மீனுக்குள் புகப் பார்க்கிறது. தோலும் கண்ணின் மேல்படலமும் அதைத் தடுத்து நிற்கின்றன, உள்ளே வந்ததைச் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. படலத்தில் கீறல் விழுந்தால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், கண் ஊதும். உங்கள் மீனுக்குப் புகை படிந்த மாதிரி இருப்பதைப் பார்த்தால் எனக்குக் கீறல் என்றே தோன்றுகிறது.

சில விவரங்கள் வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், தண்ணீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். நான்கும் பார்த்துச் சொல்லுங்கள். உள்ளே என்ன அலங்காரம் வைத்திருக்கிறீர்கள்? காமெட் ஒராண்டாவைத் துரத்துகிறதா?

குளச்சல் கடல்மீன்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். இன்னொரு காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், காற்று.

எங்கள் ஊரில் ஆழக்கடலில் தூண்டில் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். களவா மீனை ஆழத்திலிருந்து வேகமாக இழுத்தால் கண் இரண்டும் பிதுங்கி, வயிறு வாய் வழியாக வெளியே வந்து நிற்கும். மேலே வரவர அழுத்தம் குறைகிறது, மீனின் காற்றுப்பைக்குள் இருக்கும் காற்று விரிகிறது. தொட்டியில் அந்த அளவுக்கு ஆழம் கிடையாது. ஆனால் தண்ணீரில் அளவுக்கு மீறிக் காற்று கரைந்திருந்தால் அது மீனின் ரத்தத்திலும் கண்ணிலும் குமிழாகப் பிரியும். மோட்டாரின் உறிஞ்சு குழாயிலோ ஃபுட்வால்விலோ கசிவு இருந்தால் காற்றும் தண்ணீரும் சேர்ந்து அழுத்தப்பட்டு வரும். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பிடித்த கையோடு ஊற்றினாலும் இந்தச் சிக்கல் வரலாம்.

கண்டுபிடிப்பது எளிது. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக் கண்ணையும் துடுப்பையும் பாருங்கள். குண்டூசி முனை அளவில் மினுங்கும் குமிழ்கள் இருந்தால் காற்றுதான். மருந்தே வேண்டாம். தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, ஏர்ஸ்டோன் (காற்றுக்குமிழ் விடும் கல்) போட்டு ஓர் இரவு ஓடவிட்டால் அதிகப்படிக் காற்று வெளியேறிவிடும். அப்புறம் மீனுக்கு ஊற்றலாம்.

வடசேரி ஒராண்டா:
டார்ச் அடித்துப் பார்த்தேன், குமிழ் எதுவும் இல்லை.

ஏ.பி.ஐ. தண்ணீர்ச் சோதனைக் கிட்டில் பார்த்தது (லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்): அம்மோனியா 0.5, நைட்ரைட் 0.25, நைட்ரேட் 40, பி.எச். 8.2. தண்ணீரின் வெப்பம் 29 டிகிரி. உள்ளே கல்கோட்டை மாதிரி ஒரு அலங்காரம் இருக்கிறது, அதன் ஜன்னல் விளிம்பு கையை வைத்தால் கீறும். காமெட் இரண்டு ஒராண்டாவையும் காலை நேரத்தில் விடாமல் துரத்துகிறது. அதன் செவுள் மூடியில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள் இருக்கின்றன. அதுவும் நோயா?

தக்கலை தொட்டி:
அந்தப் பொட்டு நோய் இல்லை. ஆண் கோல்ட்ஃபிஷ் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன் விளிம்பிலும் வெள்ளைப் பொட்டு வரும். உடம்பெல்லாம் பரவினால்தான் வெண்புள்ளி நோயா என்று யோசிக்க வேண்டும். ஆக உங்கள் காமெட் ஆண். பெண் மீனைத் துரத்தி இடிப்பது அதன் இயல்பு. காமெட் வேகமான மீன், ஒராண்டா உருண்டை உடம்போடு பைய நீந்தும் மீன், தலையில் சதை வளர்ந்தால் பார்வையும் குறையும். துரத்தும்போது போய் மோதியது அந்தக் கல்கோட்டையில்தான் என்று நினைக்கிறேன். கோட்டையை இன்றைக்கே வெளியே எடுங்கள்.

தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். கிட் காட்டும் 0.5 மொத்த அம்மோனியா. அதில் எவ்வளவு விஷம் என்பதைப் பி.எச்.சும் வெப்பமும் முடிவு செய்யும். பி.எச். 7 என்றால் 29 டிகிரியில் நூறில் ஒரு பங்குகூட விஷமாக இருக்காது. 8.2 என்றால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விஷம். அதாவது உங்கள் தொட்டியில் 0.05. மீன்களுக்கு 0.02க்கு மேல் போகக்கூடாது என்பது வளர்ப்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் எல்லை. கீறலை நோய்க்கிருமிக்குத் திறந்துவிடுவதற்கு இது போதும்.

பி.எச். ஏன் இவ்வளவு ஏறியது? நாகர்கோவிலுக்கு முக்கடல் அணையிலிருந்து வருவது மலைத் தண்ணீர், கரைந்த உப்பு குறைவு. அப்படிப்பட்ட தண்ணீரைச் சிமெண்ட் தொட்டியில் தேக்கினால் சிமெண்டிலுள்ள சுண்ணாம்பு கரைந்து பி.எச். மேலே போகும். தொட்டி புதிதாகக் கட்டியதென்றால் இன்னும் கூடுதலாகப் போகும். குழாயில் நேரடியாகப் பிடித்த தண்ணீரையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் மீனுக்கு மட்டும் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வையுங்கள்.

நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். 40 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப் ஒன்றை எடுத்து, சோப்பு படாமல் கழுவி, அடிபட்ட மீனை அதில் தனியாக விடுவேன். கையில் ஸ்பான்ஞ் ஃபில்டர் இருந்தால் பெரிய தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றையே எடுத்து வைப்பேன், புதியதில் பாக்டீரியா இருக்காது. வலை வேண்டாம், ஈரக் கையாலோ ஒரு டப்பாவாலோ மொண்டு எடுங்கள். வலை இன்னொரு கீறல் போடும். டப்பின் மேல் ஒரு துணியைப் பாதி மூடி வையுங்கள், இருட்டில் மீன் அமைதியாக இருக்கும்.

அதில் எப்சம் உப்பு. மருந்துக்கடையில் கிடைக்கும், பழைய ஆட்கள் பேதி உப்பு என்று கேட்டு வாங்குவார்கள். தென்னைக்கு வைக்கும் மெக்னீசியம் சல்பேட்டும் இதுதான், ஆனால் உரக்கடைச் சரக்கில் கசடு இருக்கும், மீனுக்கு வேண்டாம். 20 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், தட்டிய அளவு. 40 லிட்டருக்கு இரண்டு. ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து, அரை நாளில் இரண்டு மூன்று தடவையாக ஊற்றுங்கள். இது கோத்த நீரை வெளியே இழுக்க உதவும். ஒரு வாரத்தில் அசைவே இல்லை என்றால் 20 லிட்டருக்கு இரண்டு, அதிகபட்சம் மூன்று டீஸ்பூன் வரை போகலாம். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றி, மாற்றிய பங்குக்கு மட்டும் உப்புச் சேர்க்க வேண்டும். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஈடுகட்டும்போது உப்புப் போடக்கூடாது, ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை.

பெரிய தொட்டியின் கொள்ளளவையும் சொல்லிவிடுகிறேன், எல்லா மருந்துக்கும் தேவைப்படும். ஒரு கன அடி 28.3 லிட்டர். உங்களுடையது 3.125 கன அடி, 88 லிட்டர். கூழாங்கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போக 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இன்றும் நாளையும் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். நைட்ரைட் இருப்பதால் லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு போடலாம், அதிலுள்ள குளோரைடு நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறாமல் தடுக்கும். கல்லுப்பு வேறு, எப்சம் வேறு, வேலையும் வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட முடியாது.

கண்ணை அமுக்குவது, ஊசியால் குத்தி நீர் எடுப்பது, மஞ்சள்தூள் அப்புவது எதுவும் வேண்டவே வேண்டாம். வீக்கம் வந்த வேகத்தில் போகாது, வாரக்கணக்கில் ஆகும். பொறுமையாக இருங்கள்.

மார்த்தாண்டம் ஃபைட்டர்:
அண்ணாச்சி சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கேப்சூல் போட்டேன், கண் வற்றியது. எல்லாரும் தண்ணீர் மாற்று, தண்ணீர் மாற்று என்றே சொன்னால், உள்ளே கிருமி இருக்கும் மீன் என்ன ஆகும்? மருந்து எதற்குத்தான் இருக்கிறது?

மீன்வளம் படித்தவன்:
நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவன், சொந்த ஊர் தேங்காய்ப்பட்டணம் பக்கம்.

ஆண்டிபயாடிக் தேவைப்படும் கண் வீக்கம் உண்டு. இரண்டு கண்ணும் வீங்கி, கூடவே தீவனம் எடுக்காமல், உடம்பில் ரத்தப் புள்ளியோ புண்ணோ, செதில் தூக்கலோ இருந்தால் கிருமி ரத்தத்தில் போய்விட்டது என்று பொருள். நன்னீரில் பெரும்பாலும் ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் வகைகள். திலேப்பியா பண்ணைகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்தால் கண் பிதுங்குவதும் மீன் தலைசுற்றிச் சுழல்வதும்தான் முதல் அடையாளம், தண்ணீர் சூடாகும் மாதங்களில் அது கூடும். சிறுநீரகம் பழுதானாலும் உள்ளே வந்த தண்ணீரைத் தள்ள முடியாமல் கண்ணிலும் வயிற்றிலும் நீர் தேங்கும். மைக்கோபாக்டீரியம் என்று ஒன்று இருக்கிறது, மீன் மெலிந்துகொண்டே போகும், அதற்கு வீட்டு வைத்தியமும் இல்லை, கடை வைத்தியமும் இல்லை.

இனி டெட்ராசைக்ளின். அது கால்சியத்தோடும் மெக்னீசியத்தோடும் ஒட்டிக்கொள்ளும் மருந்து. ஒட்டியபின் மீனுக்குள் போவது மிகக் குறைவு. நம் மாவட்டத்தில் கடற்கரைப் பக்கம், அகஸ்தீஸ்வரம் போன்ற இடங்களில் உள்ள கடினத் தண்ணீரில் அதைக் கரைப்பது பெரும்பாலும் வீண். எப்சம் உப்புப் போட்ட டப்பில் கரைப்பதும் அப்படியே, மெக்னீசியத்தை நாமே கொடுத்துவிட்டோமே. வெளிச்சம் பட்டால் தண்ணீர் செம்பழுப்பாகி மருந்தும் சிதையும். தம்பியின் ஃபைட்டர் மென்மையான தண்ணீரில் இருந்திருந்தால் மருந்து கொஞ்சம் வேலை செய்திருக்கவும் கூடும். கேப்சூல் போடும்போது தண்ணீரும் மாற்றினீர்களா என்பதை நினைத்துப் பாருங்கள் தம்பி, எது வேலை செய்தது என்பது அதில்தான் இருக்கிறது.

கனாமைசின் தண்ணீரிலிருந்து மீனுக்குள் ஓரளவு போகும், அதனால்தான் கண் வீக்கத்துக்கு வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் அதை நாடுகிறார்கள். ஆனால் அது சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய வகை மருந்து. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்த மீனுக்கு அளவு தவறினால் நாமே முடித்துவைத்ததாகும். எரித்ரோமைசின் சிலர் போடுகிறார்கள். ஏரோமோனாஸ் வகைக்கு அது பெரும்பாலும் பயன்படாது. மீன் தீவனம் எடுக்கும்வரை மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுப்பதே நல்லது, ஃபில்டரும் தப்பிக்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. ஆண்டிபயாடிக் மருத்துவர் சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டிய மருந்து. அரைகுறையாகப் போட்டுக் கொல்லைப்புறத்தில் ஊற்றும் தண்ணீர் வாய்க்காலுக்குத்தான் போகிறது. அங்கே மருந்துக்கு அசராத கிருமி உருவானால் அது மீனோடு நிற்காது. கால்நடை மருத்துவரையோ மீன்வளத் துறை அலுவலரையோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வடசேரி மீனுக்கு இப்போது மருந்து வேண்டாம் என்பதே என் கருத்தும். மறு கண்ணும் வீங்கினாலோ தீவனத்தை நிறுத்தினாலோ உடனே எழுதுங்கள், அப்போது பேச்சு வேறு.

திருவட்டார் கீதா:
எனக்கும் இதே தொல்லை, ஆனால் இரண்டு கண்ணிலும். கறுப்பு மோலிகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும். அதில் நாலைந்துக்குக் கண் இரண்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது, மேல்மட்டத்தில் நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் எங்கள் செம்மண் கிணற்றில் கோரியது, குடிக்கத் தித்திப்பாக இருக்கும். கிட்டில் பி.எச். 6, அதற்குக் கீழே காட்ட நிறமே இல்லை. அம்மோனியா 2. பி.எச். ஏற்றச் சுண்ணாம்பு போடலாமா?

மீன்வளம் படித்தவன்:
அக்கா, சுண்ணாம்பைக் கையில் எடுக்காதீர்கள். இதை அவசரமாக எழுதுகிறேன்.

உங்கள் தண்ணீரில் பி.எச். குறைவாக இருப்பதால்தான் 2 அம்மோனியா இருந்தும் மீன்கள் உயிரோடு இருக்கின்றன. இந்த நிலையில் பெரும்பகுதி விஷமில்லாத வடிவில் இருக்கிறது. சுண்ணாம்பு போட்டுப் பி.எச்.சை ஒரேயடியாக 8க்கு ஏற்றினால் அதே அம்மோனியா விஷமாக மாறும், மாலைக்குள் எல்லாம் மிதக்கும். முதலில் அம்மோனியாவைக் குறைக்க வேண்டும், பிறகுதான் பி.எச்.

தினமும் ஐந்தில் ஒரு பங்கு அதே கிணற்றுத் தண்ணீரால் மாற்றுங்கள். கோரிய தண்ணீரை ஏர்ஸ்டோன் போட்டு ஓர் இரவு வைத்துவிட்டு ஊற்றுங்கள், அதில் கரைந்திருக்கும் கரியமில வாயு போகும். தீவனத்தை நிறுத்துங்கள், மோலி சில நாள் பட்டினி தாங்கும். கிட்டில் அம்மோனியா 0.25க்குக் கீழே வந்தபின் ஒரு கைப்பிடி சிப்பி ஓட்டைக் கழுவி, கொதிக்க வைத்து, வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வையுங்கள். அது பைய பையக் கரைந்து கடினத்தன்மையையும் பி.எச்.சையும் சேர்த்து ஏற்றும்.

பி.எச். 6க்கு இறங்கினால் ஃபில்டர் பாக்டீரியாவும் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். உங்களுக்கு அம்மோனியா சேர்ந்ததே அதனால்தான். மோலி இயல்பிலேயே கடினத் தண்ணீர் மீன், கழிமுகத்திலும் கடல் தண்ணீரிலும்கூட வாழும். மென்மையான தண்ணீரில் அதன் உடம்பு எந்நேரமும் உப்பை இழந்துகொண்டே இருக்கும். நின்ற இடத்தில் ஆடுவது அதன் அடையாளம். லிட்டருக்கு 2 அல்லது 3 கிராம் கல்லுப்பு அதற்கு மருந்து மாதிரி. ஒரே நாளில் போடாமல் மூன்று நான்கு நாளில் ஏற்றுங்கள். செடி இருந்தால் எடுத்துவிடுங்கள், தாங்காது.

குளச்சல் கடல்மீன்:
சிப்பி ஓடு வேண்டுமானால் கடற்கரையில் பொறுக்கலாம் அக்கா. பவளத் துண்டு மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பவளம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அப்புறம் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணலைத் தொட்டிக்கு அழகு என்று சிலர் அள்ளிவந்து போடுகிறார்கள். அதில் மோனசைட் இருக்கிறது, மோனசைட்டில் கதிர்வீச்சு விடும் தோரியம் இருக்கிறது. வீட்டுக்குள் வைக்க வேண்டிய மணல் இல்லை அது.

வடசேரி ஒராண்டா:
குழாயில் நேரடியாகப் பிடித்த தண்ணீரின் பி.எச். 7.2தான். அண்ணாச்சி சொன்ன மாதிரி சிமெண்ட் தொட்டிதான் காரணம். இப்போது டிரம்மில் பிடிக்கிறேன். பெரிய தொட்டியில் அம்மோனியா தெரியவில்லை, நைட்ரைட்டும் இல்லை. டப்பில் இருக்கும் ஒராண்டாவுக்கு வீக்கம் பாதியாவது வற்றியிருக்கும். வெள்ளை வளையம் போய்விட்டது, புகை மட்டும் இருக்கிறது. வலது கண் நன்றாக இருக்கிறது. மிக்க நன்றி.

காமெட்டை என்ன செய்வது? வேறு தொட்டி இல்லை. சுசீந்திரம் குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

தக்கலை தொட்டி:
தயவுசெய்து விடாதீர்கள். சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. எத்தனை வகைப் பறவை அங்கே வருகிறது என்று நமக்கெல்லாம் தெரியும். கோல்ட்ஃபிஷ் அடிமண்ணைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும், பெரிதாக வளரும், நம் தொட்டிக் கிருமியையும் சேர்த்துக் கொண்டுபோகும். பறவை கொத்தாமல் தப்பினால் குளத்துக்குக் கேடு, கொத்தினால் மீனுக்குக் கேடு. வளர்த்த மீனைக் குளத்தில் விடுவதைப் புண்ணியமாக நினைக்கும் பழக்கம் நம் பக்கம் நிறையவே இருக்கிறது, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

காமெட்டை யாராவது வீட்டு முற்றத்தில் சிமெண்ட் தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். பழைய தொட்டியாக, பி.எச். சரியாக இருந்தால் போதும். அதற்கு ஓடித் திரிய இடம் வேண்டும். தக்கலைவரை கொண்டுவர முடிந்தால் நானே வாங்கிக்கொள்கிறேன், தனிச்செய்தி அனுப்புங்கள். அதுவரை துளையிட்ட பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றைத் தொட்டியின் நடுவில் செருகி வையுங்கள்.

திருவட்டார் கீதா:
அம்மோனியா குறைந்துவிட்டது, கல்லுப்பும் ஏற்றினேன். பெரும்பாலான மோலிகள் ஆட்டத்தை நிறுத்தி நீந்துகின்றன. கண் பைய வற்றுகிறது. ஒன்று மட்டும் தேறவில்லை. செதிலெல்லாம் விரிந்து, வயிறு ஊதி, அடியில் சாய்ந்து கிடக்கிறது, மூச்சு மட்டும் வாங்குகிறது. பார்க்கவே முடியவில்லை. இன்னும் ஏதாவது செய்யலாமா?

மீன்வளம் படித்தவன்:
வருத்தமாக இருக்கிறது அக்கா. செதில் முழுக்க விரிந்து, சாய்ந்தும் கிடக்கிறது என்றால் சிறுநீரகம் நின்றுபோயிருக்கும். இந்தக் கட்டத்திலிருந்து மீளுவது அரிது. தனியாக எடுத்துவிடுங்கள், மற்ற மீன்கள் அதைக் கொத்தக்கூடாது.

வேதனையைக் குறைக்க நினைத்தால் கிராம்பு எண்ணெய் இருக்கிறது, பல்வலிக்கு மருந்துக்கடையில் விற்பது. நம் மலைகளில் விளையும் கிராம்பிலிருந்தும் எடுக்கிறார்கள். ஒரு சிறு குப்பியில் வெதுவெதுப்பான தண்ணீரோடு நன்றாகக் குலுக்குங்கள், இல்லாவிட்டால் மேலே மிதக்கும். ஒரு லிட்டருக்குப் பத்துச் சொட்டு என்ற அளவில் பாத்திரத்தில் கலந்து மீனை விட்டால் மயங்கிவிடும், பிறகு செவுள் அசைவு நிற்கும். நின்றபிறகும் அரை மணி நேரம் அப்படியே வைத்திருங்கள். தோட்டத்தில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். கழிவறையில் உயிரோடு விடுவதோ, வெயிலில் போடுவதோ கூடாது.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். மீனுக்கு வரும் மைக்கோபாக்டீரியம் மனிதத் தோலில் ஆறாத புண்ணாக வரும். தண்ணீர் மாற்றும்போது குழாயை வாயால் உறிஞ்சுவதையும் எல்லாரும் விட்டுவிடுங்கள்.

மார்த்தாண்டம் ஃபைட்டர்:
ஒரு கேள்வி. ஃபைட்டர் சின்ன பாட்டிலில் இருக்கிறது, ஃபில்டர் இல்லை. எப்சம் அளவு எப்படி? வாதாம்மரத்து இலை போட்டால் போதாதா?

தக்கலை தொட்டி:
4 லிட்டருக்கு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும் மக்கா, கையால் அளக்க முடியாது. 1 லிட்டர் தண்ணீரில் 10 டீஸ்பூன் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 5 மில்லி எடுத்தால் ஒரு லிட்டர் பாட்டிலுக்குச் சரியாக இருக்கும். ஊசி போடும் சிரிஞ்சில் ஊசியைக் கழற்றிவிட்டு அளந்துகொள்ளலாம். காய்ந்த வாதாம் இலை நல்லது, லேசாகக் கிருமியைத் தடுக்கும், ஃபைட்டருக்குப் பிடிக்கும். ஆனால் கோத்த நீரை அது இழுக்காது. ஃபில்டர் இல்லாத பாட்டிலில் தினமும் பாதித் தண்ணீர் மாற்றுவதுதான் முதல் மருந்து.

வடசேரி ஒராண்டா:
வீக்கம் ஏறக்குறைய முழுதும் வற்றிவிட்டது. கண்ணின் நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு தழும்பு. பார்வை வருமா? பெரிய தொட்டிக்கு எப்போது மாற்றலாம்? காமெட் அண்ணாச்சி வீட்டுக்குப் போய்விட்டது.

தக்கலை தொட்டி:
காமெட் இங்கே நன்றாக இருக்கிறது. முற்றத்துத் தொட்டியில் மற்ற காமெட்டுகளோடு சேர்ந்துவிட்டது.

தழும்பு மேல்படலத்தில் மட்டும் என்றால் மாதக்கணக்கில் தெளியலாம். உள்ளே லென்ஸ் வெளுத்திருந்தால் அந்தக் கண் பார்க்காது. எதுவானாலும் கவலை வேண்டாம், ஒற்றைக் கண்ணோடு ஆண்டுக்கணக்கில் வாழும் கோல்ட்ஃபிஷ் உண்டு. அடியில் அமிழும் தீவனமாக வாங்கி, அது பார்க்கும் வலது பக்கத்தில், தினமும் ஒரே இடத்தில் போடுங்கள். மோப்பத்தால் கண்டுபிடித்துவிடும். தொட்டிக்குள் பொருட்களை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள்.

மாற்றுவதற்கு அவசரம் வேண்டாம். இனி டப்பில் தண்ணீர் மாற்றும்போது எப்சம் சேர்க்காமல் பெரிய தொட்டித் தண்ணீரையே ஊற்றுங்கள். நாலைந்து மாற்றலில் உப்புக் குறைந்துவிடும், பி.எச்.சும் ஒத்துவரும். கண் மறுபடி ஊதவில்லை என்றால் மாலையில், விளக்கை அணைத்துவிட்டு, டப்பாவில் மொண்டு மாற்றுங்கள். மற்ற ஒராண்டா அதைத் தீவன நேரத்தில் இடிக்கிறதா என்று முதல் வாரம் பார்த்துக்கொள்ளுங்கள். இடித்தால் அந்தப் பிளாஸ்டிக் தடுப்பை மறுபடி செருகலாம்.